வீட்டுக்கு விளக்கு: எங்கே, எவ்வளவு, எந்த நிறம்?

சமையல் மேடையில் வெங்காயம் நறுக்கும்போது கத்தி முனை சரியாகத் தெரியவில்லை என்றால், பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான்: 9 வாட் பல்பைக் கழற்றிவிட்டு 15 வாட் மாட்டுவது. மாட்டிய பிறகும் பலகை இருட்டாகவே இருக்கும். விளக்கு முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, முன்னால் விழுவது சமைப்பவரின் நிழல். பின்னால் வெளிச்சம் கூடக் கூட நிழலின் விளிம்புதான் இன்னும் அழுத்தமாகத் தெரியும். வீட்டு வெளிச்சத்தில் வரும் குறைகள் பெரும்பாலும் இப்படித்தான் இடத்தில் தொடங்குகின்றன. அதனால் கடைக்குப் போவதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தாளும் பென்சிலும்

ஒரு அடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற கணக்கில் ஒவ்வொரு அறையையும் வரையுங்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, ஜன்னல், ஃபேன், கட்டில், பீரோ, டிவி, மேடை எல்லாம் அதில் வரட்டும். பிறகு கண்ணுக்கு வேலை இருக்கும் இடங்களில் ஒரு பெருக்கல் குறி போடுங்கள்: நறுக்கும் இடம், பாத்திரம் தேய்க்கும் தொட்டி, முகம் பார்க்கும் கண்ணாடி, பிள்ளைகள் எழுதும் மேசை, மாடிப்படியின் முதல் படியும் கடைசிப் படியும், வாசல் பூட்டு. பீரோவை மறக்க வேண்டாம். கதவைத் திறந்ததும் அந்தக் கதவே வெளிச்சத்தை மறைத்துவிடும் பீரோக்கள் ஏராளம்.

ஒவ்வொரு குறிக்கும் ஆள் எங்கே நிற்பார், எந்தப் பக்கம் பார்ப்பார் என்று ஓர் அம்பு வரையுங்கள். அந்த ஆளின் தலைக்கு முன்பக்க மேலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வெளிச்சம் வர வேண்டும். பின்னாலிருந்து வந்தால் அந்த இடத்துக்கு விளக்கே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

புது வீடு கட்டுபவர்கள் இந்தப் படத்தைத் தளம் கான்கிரீட் போடுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். ஃபேன் பாக்ஸும் பைப்பும் கம்பி கட்டும்போதே வைக்கப்படுபவை. அன்று விட்டுப்போன பாயின்ட்டுக்குப் பின்னால் சுவரை வெட்ட வேண்டியிருக்கும், அல்லது கண்ணில் படும்படி வெளியே பட்டை ஓட்ட வேண்டியிருக்கும். லைட் சர்க்யூட்டுக்கு 1.5 சதுர மி.மீ. வயர் போதும். ஒரு சர்க்யூட்டில் 10 பாயின்ட் அல்லது 800 வாட் என்பது வழக்கமான வரம்பு. எல்இடி காலத்தில் 800 வாட்டைத் தொடுவது கடினம், ஆனால் 10 பாயின்ட் கணக்கை மீறாமல் இருப்பது நல்லது. ஒரு சர்க்யூட் போனால் பாதி வீடு இருட்டாகாமல் இருக்கும்.

ஒரே விளக்கை இரண்டு இடத்திலிருந்து போட்டு அணைக்கும் டூ-வே சுவிட்ச் வேண்டிய இடங்களையும் இப்போதே சொல்லிவிடுங்கள்: மாடிப்படியின் கீழும் மேலும், படுக்கையறைக் கதவருகிலும் கட்டில் தலைமாட்டிலும். இரண்டு சுவிட்சுக்கும் இடையே கூடுதல் வயர் ஓட வேண்டும் என்பதால், வயரிங் முடிந்த பிறகு கேட்டால் எலக்ட்ரீஷியன் முகம் சுளிப்பதில் நியாயம் உண்டு.

எவ்வளவு வெளிச்சம்: ஒரு சின்னக் கணக்கு

வாட் என்பது விளக்கு தின்னும் மின்சாரம். தரும் வெளிச்சத்தின் அளவு லூமென். ஒரு சதுர மீட்டர் பரப்பில் எத்தனை லூமென் விழுகிறது என்பதை லக்ஸ் என்பார்கள். ஹாலுக்கு 150 லக்ஸ், படுக்கையறைக்கு 100, சமையலறைக்குப் பொதுவாக 200, நறுக்கும் இடத்தில் 300க்கு மேல், படிக்கும் மேசையில் 500, குளியலறைக்கு 100, அங்குள்ள கண்ணாடி முன் 300 என்று வைத்துக்கொண்டால் வீட்டுக்குச் சரியாக இருக்கும்.

10க்கு 12 அடி ஹாலை எடுத்துக்கொள்வோம். 120 சதுர அடி, அதாவது சுமார் 11.1 சதுர மீட்டர். 11.1ஐ 150ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1,670 லூமென். விளக்கிலிருந்து வரும் வெளிச்சம் முழுதும் பயன்படும் இடத்துக்கு வந்து சேராது. சுவர் கொஞ்சம் விழுங்கும், தூசி கொஞ்சம் விழுங்கும், நாளாக ஆக விளக்கே கொஞ்சம் மங்கும். வெள்ளைக் கூரையும் வெளிர் சுவரும் உள்ள அறைக்கு 0.6ஆல் வகுங்கள்: 2,780 லூமென் வருகிறது. இன்றைய நல்ல எல்இடி ஒரு வாட்டுக்கு 100 லூமென் அளவில் தருகிறது. 20 வாட் பட்டி லைட் (டியூப் போன்ற நீள எல்இடி விளக்கு) ஒன்று, 9 வாட் பல்ப் ஒன்று, ஆக 2,900. கணக்கு முடிந்தது. அதே ஹாலில் அடர் நிறச் சுவர், மர வேலைப்பாடு, ஓட்டுக் கூரை என்றிருந்தால் 0.4ஆல் வகுக்க வேண்டும். அப்போது 4,175 லூமென் தேவை. சுவருக்கு அடர் பச்சை அடித்துவிட்டு விளக்கைக் குறை சொல்பவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும்.

மின் செலவையும் இங்கேயே பார்த்துவிடலாம். காப்பர் சோக் போட்ட பழைய 36 வாட் டியூப் லைட் சோக்கையும் சேர்த்து 50 வாட் அளவுக்கு இழுக்கும். தினம் 5 மணி நேரம், இரண்டு மாத மீட்டர் கணக்கில் 15 யூனிட். 20 வாட் எல்இடி பட்டிக்கு 6 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம் என்பதால், அந்தக் கோட்டை ஒட்டி ஓடும் வீடுகளுக்கு இந்த 9 யூனிட் சின்ன விஷயமல்ல.

நிறம்: எல்லா இடத்துக்கும் பளிச் வெள்ளை வேண்டாம்

பெட்டியில் கெல்வின் என்று ஒரு எண் இருக்கும். 2,700 – 3,000 பழைய குண்டு பல்பின் மஞ்சள், 4,000 காலை வெயில் போன்ற நடு வெள்ளை, 6,500 நீலம் கலந்த வெள்ளை. நம் ஊர்க் கடைகளில் கேட்காமலேயே எடுத்துத் தருவது 6,500. டியூப் லைட் காலத்துப் பழக்கம் அது. நம் கண்ணும் அதற்குப் பழகிவிட்டது. சமையலறைக்கும் படிக்கும் மேசைக்கும் 4,000 போதும். படுக்கையறைக்கும் பூஜை அறைக்கும் வாசலுக்கும் 3,000 நன்றாக இருக்கும். ஹாலில் இரண்டையும் தனித்தனி சுவிட்சில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரே சுவிட்சில் எரியும் விளக்குகள் ஒரே நிறமாக இருக்க வேண்டும். ஒரு மஞ்சளும் ஒரு நீலமும் பக்கத்தில் எரிந்தால், மஞ்சள் அழுக்காகத் தெரியும்.

கெல்வினைவிடக் குறைவாகக் கவனிக்கப்படும் இன்னொரு எண் சிஆர்ஐ. நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதன் அளவு அது. வீட்டில் எரியும் வெள்ளை எல்இடி பெரும்பாலும் நீல எல்இடியின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியதுதான். திறமான நீல எல்இடியைக் கண்டுபிடித்தவர்களுக்கு 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. மலிவான பாஸ்பர் பூச்சில் சிவப்பு குறைவாக இருக்கும். தக்காளி மங்கலாக, மீன் செவுள் பழையதாக, அரக்கு நிறச் சேலை பழுப்பாகத் தெரிவதற்கு அதுதான் காரணம். பொதுவாக 80க்குக் குறையாமல் பாருங்கள். அலங்காரக் கண்ணாடிக்கும் சமையல் மேடைக்கும் 90 கிடைத்தால் கூடுதல் காசு கொடுக்கலாம். எண் போடாத பெட்டியை அப்படியே வைத்துவிட்டு வாருங்கள்.

ஹால்: ஃபேனுக்கு வழி விடுங்கள்

ஃபால்ஸ் சீலிங் போடும் வீடுகளில் அடிக்கடி நடக்கும் பிழை இது. ஃபேன் இறக்கைக்கு மேலே டவுன்லைட் (கூரையில் பதித்து நேர் கீழே ஒளி விழும் விளக்கு) வந்துவிடும். ஃபேன் சுற்றும்போது அறை முழுக்க நிழல் வெட்டி வெட்டி ஓடும். பத்து நிமிடத்தில் தலை வலிக்கும், பிறகு அந்த விளக்கை யாரும் போட மாட்டார்கள்.

48 அங்குல ஃபேனுக்கு இறக்கை நுனி மையத்திலிருந்து 2 அடி. நுனியிலிருந்து இன்னும் 2 அடி தள்ளி விளக்கு இருக்கட்டும். 10க்கு 12 அறையில், நான்கு மூலையிலும் இரண்டு சுவரிலிருந்தும் 2 அடி உள்ளே விளக்கு வைத்தால், ஒவ்வொன்றும் ஃபேன் மையத்திலிருந்து சரியாக 5 அடி தூரத்தில் விழும் (3, 4, 5 முக்கோணம்). நிழல் ஆடாது, சுவரும் ஒளிரும். சுவருக்கு ஓர் அடிக்கும் நெருக்கமாக வைத்தால் சுவரில் பிறை பிறையாக ஒளிக்கோடு விழும். சிலருக்கு அது அழகு. சுவரில் பூச்சு மேடுபள்ளம் இருந்தால் அத்தனையும் காட்டிக்கொடுக்கும்.

12 டவுன்லைட் வரிசையாகப் பதித்த ஹால்கள் இப்போது நாகரிகம். வெளிச்சமெல்லாம் தரையில் விழுந்து முகத்தில் நிழல் நிற்கும், கண்ணுக்குக் கீழே கருவளையம் தெரியும். கதவுக்கு மேலே பட்டி லைட் மாட்டிய பழைய ஹாலில் முகம் இதைவிட நன்றாகத் தெரியும். ஃபால்ஸ் சீலிங் கட்டாயம் என்றால் நான்கு டவுன்லைட்டோடு நிறுத்திவிட்டு, மீதிப் பணத்தில் ஓரத்தில் மறைவாக ஸ்ட்ரிப் லைட் போடுங்கள். கூரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் மென்மையாக இருக்கும். ஸ்ட்ரிப் ஒரு மீட்டருக்கு 10 வாட் என்றால் 5 மீட்டருக்கு 50 வாட், அதற்கு வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் டிரைவர் 60 வாட் வாங்க வேண்டும். 12 வோல்ட் ஸ்ட்ரிப்பை 5 மீட்டருக்கு மேல் ஒரே முனையிலிருந்து ஓட்டினால் கடைசிப் பகுதி மங்கும். டிரைவரைக் கூரைக்குள் வைத்து மூடிவிட வேண்டாம். முதலில் கெடுவது அதுதான். கை நுழையும் அளவுக்கு ஒரு திறப்பு விடச் சொல்லுங்கள்.

டிவிக்கு எதிர்ச் சுவரில் விளக்கு வேண்டாம், திரையில் அதுவே தெரியும்.

சமையலறை

கணக்கு ஒரே வரிதான்: மேடைக்கு மேலே, சுவரிலிருந்து 1 அடி. மேடை வழக்கமாக 2 அடி அகலம். சமைப்பவரின் தலை மேடையின் முன் விளிம்புக்கு நேரே வரும். விளக்கு அதைவிட உள்ளே இருந்தால் நிழல் அவர் பக்கமே விழும், பலகை மீது விழாது.

மேடைக்கு மேலே 1 அடி ஆழத்தில் கப்போர்டு இருந்தால், அதன் அடியில் முன் விளிம்பை ஒட்டி 2 அடி நீள பட்டி லைட் ஒன்று அல்லது இரண்டு, ஒவ்வொன்றும் 10 வாட். முன்னால் ஒரு சின்னப் பலகை இறக்கி மறைத்தால் கண் கூசாது. கப்போர்டு இல்லாமல் 7 அடி உயரத்தில் 2 அடி அகல லாஃப்ட் இருந்தால், லாஃப்டின் அடியில் நடுவாக மாட்டுங்கள். லாஃப்டின் முன் விளிம்பில் மாட்டினால் அது தலைக்கு மேலே வந்துவிடும், பழைய கதைதான்.

அடுப்புக்கு நேர் மேலே எந்த விளக்கும் வேண்டாம். தாளிக்கும்போது எழும் எண்ணெய்ப் புகை மூடியில் படிந்து மஞ்சளாகும், சூட்டில் டிரைவரும் சீக்கிரம் போகும். அடுப்பிலிருந்து பக்கவாட்டில் 2 அடி தள்ளுங்கள். மாதம் ஒருமுறை சுவிட்சை அணைத்துவிட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் மூடியைத் துடையுங்கள். பாத்திரத் தொட்டிக்குத் தனி விளக்கு வைப்பது ஆடம்பரமல்ல. இரவில் பாத்திரம் தேய்ப்பவரைக் கேட்டால் தெரியும்.

படுக்கையறையும் படிக்கும் மேசையும்

படுத்தபடி மேலே பார்க்கும்போது கண்ணில் நேராகப் படும் இடத்தில் விளக்கு இருக்கக் கூடாது. கட்டிலின் கால்மாட்டுச் சுவரிலும் பட்டி லைட் வேண்டாம், தலைமாட்டுச் சுவரிலோ பக்கச் சுவரிலோ 7 அடி உயரத்தில் இருக்கட்டும். படுத்து வாசிப்பவருக்கு மெத்தையிலிருந்து 2 அடி உயரத்தில், பக்கவாட்டில், திருப்பக்கூடிய 5 வாட் விளக்கு போதும்.

இரவு விளக்கைப் பலரும் சுவிட்ச் போர்டு உயரத்தில், அதாவது 4 அடியில் மாட்டுகிறார்கள். அது முகத்துக்கு வெளிச்சம், காலுக்கு இருட்டு. வயதானவர்கள் இருக்கும் வீட்டில், கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போகும் வழியில், தரையிலிருந்து 1 அடி உயரத்தில் அரை வாட் மஞ்சள் விளக்கு வையுங்கள். கால் மிதியடியும் குளியலறை வாசற்படியும் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

எழுதும் மேசையில் வலதுகைப் பழக்கம் உள்ள பிள்ளைக்கு விளக்கு இடப்பக்கம், இடதுகைக்கு வலப்பக்கம். மேசையிலிருந்து 15 முதல் 18 அங்குல உயரம். அறை விளக்கை அணைத்துவிட்டு மேசை விளக்கை மட்டும் போடும் பழக்கம் கண்ணைக் களைப்பாக்கும், இரண்டும் எரியட்டும்.

குளியலறை, பூஜை அறை, படி

குளியலறைக் கண்ணாடிக்கு இரு பக்கமும் கண் உயரத்தில், சுமார் 5 அடியில் விளக்கு இருந்தால் சவரம் செய்வதற்கும் பொட்டு வைப்பதற்கும் நிழல் இல்லாமல் இருக்கும். இடமில்லை என்றால் கண்ணாடிக்கு மேலே 6.5 அடியில் 2 அடி பட்டி. நடுக்கூரையில் ஒரே பல்ப் என்றால் முகத்தின் பாதி இருட்டு. ஐபி 44க்குக் குறையாத ஃபிட்டிங் வாங்குங்கள் (ஐபி என்பது தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தடுக்கும் என்பதன் எண்). சுவிட்ச் கதவுக்கு வெளியே இருக்கட்டும்.

பூஜை அறையில் உள்ள சிக்கல் கண்ணாடி போட்ட படங்கள். விளக்கைப் போட்டால் சாமி முகம் இருக்கும் இடத்தில் பல்ப் தெரியும். துளை போடுவதற்கு முன் ஒரு சோதனை: கும்பிட நிற்கும் இடத்தில் ஒருவர் நிற்க, இன்னொருவர் சின்ன முகக்கண்ணாடியைப் படத்தின் மீது ஒட்டினாற்போல் பிடிக்கட்டும். விளக்கு வைக்க நினைத்த இடம் அந்தக் கண்ணாடியில் தெரிந்தால் அந்த இடம் ஆகாது. பழைய வீடுகளில் படங்களின் மேல்பக்கத்தை முன்னால் சாய்த்து மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்படிச் சாய்த்தால் மேலே உள்ள விளக்கு கண்ணாடியில் கண்ணுக்குத் திரும்பி வராது. எண்ணெய் விளக்கின் சுடர் 1,900 கெல்வின் அளவிலான ஆழ்ந்த மஞ்சள், அதற்குப் பக்கத்தில் 6,500 வெள்ளை எரிந்தால் சுடர் செத்துப்போகும். 3,000க்கு மேல் போக வேண்டாம். தட்டுக்கு அடியில் ஸ்ட்ரிப் ஒட்டியிருந்தால் குத்துவிளக்கை அதற்கு நேர் கீழே ஏற்றாதீர்கள்.

மாடிப்படியில் இறங்குபவரின் நிழல் அவர் மிதிக்கப் போகும் படியில் விழக் கூடாது. படி திரும்பும் இடத்தில் பக்கச் சுவரில் 7 அடி உயரத்தில் ஒன்று, மேலே ஒன்று.

வாசலும் வெளிப்புறமும்

கேட்டில் நிற்பவரின் முகம் நமக்குத் தெரிய வேண்டும், அவருக்குக் கண் கூச வேண்டியதில்லை. விளக்கு அவருக்கு முன்பக்கம், பக்கவாட்டில். மழை விட்ட மாலையில் ஈசல் கூட்டமாக வரும் ஊர்களில், கதவுக்கு நேர் மேலே வெள்ளை விளக்கு வைத்தால் கதவைத் திறக்கும்போதெல்லாம் பாதி ஈசல் ஹாலுக்குள்ளே. பூச்சிகளை அதிகம் இழுப்பது நீலம் கலந்த வெளிச்சம். 2,700 மஞ்சள் விளக்கைக் கதவிலிருந்து 6 அடி தள்ளி வைத்து, கதவை நோக்கித் திருப்புங்கள்.

மழை படும் இடத்தில் ஐபி 65. வயர் ஃபிட்டிங்குக்குள் கீழிருந்து ஏற வேண்டும், நுழைவதற்கு முன் ஒரு சின்ன வளைவாகத் தொங்கட்டும், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். மேலிருந்து வயர் இறக்கினால் ஐபி 65 என்ற எண்ணுக்கு அர்த்தமில்லை. கடலோர ஊர்களில் இரும்பு ஃபிட்டிங் சீக்கிரம் துருப்பிடிக்கும், பாலிகார்பனேட் உடல் நீடிக்கும்.

இப்போது கடைக்கு

கையில் இருக்க வேண்டியது ஒரு பட்டியல்: இடம், லூமென், கெல்வின், சிஆர்ஐ, ஹோல்டர் வகை. நம் வீடுகளில் பெரும்பாலும் இரண்டு பின் உள்ள பி22. தொங்கு விளக்கிலும் மேசை விளக்கிலும் மரை வைத்த இ27 வரும். பெட்டியில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண்ணும், சர்ஜ் எனப்படும் திடீர் வோல்டேஜ் ஏற்றத்தைத் தாங்கும் அளவும் பாருங்கள். இடி மின்னல் அதிகம் உள்ள ஊரானால் 4 கிலோவோல்ட் வரை தாங்குவது நல்லது.

பழைய டியூப் பட்டியில் எல்இடி டியூபை மட்டும் மாட்டும் யோசனையைக் கைவிடுங்கள். சோக்கை நீக்க வேண்டும், சில டியூபுக்கு ஒரே முனையில் ஃபேஸும் நியூட்ரலும், சிலதுக்கு இரு முனையிலும். மாற்றிக் கொடுத்தால் ஷார்ட். முழுப் பட்டியாக வாங்கி மாட்டுவது மலிவும் பாதுகாப்பும்.

மாட்டுவதற்கு முன் இரவு 7 மணிக்கு மேல் ஒரு ஒத்திகை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் பட்டி லைட்டைச் செருகி, நினைத்த இடத்தில் ஒருவர் பிடிக்க, இன்னொருவர் மேடையில் நின்று நறுக்கிப் பார்க்கட்டும். செல்போன் கேமராவை விளக்குக்கு நேரே காட்டுங்கள். திரையில் தடிமனான கறுப்புப் பட்டைகள் ஓடினால் அந்த விளக்கு அதிகமாகத் துடிக்கிறது, மாற்றிக் கேளுங்கள்.

கரண்ட் போனால் எரிய வேண்டியவற்றை இன்வர்ட்டர் லைனில் பிரித்துச் சொல்லுங்கள்: ஹாலில் ஒன்று, சமையல் மேடை, படி, குளியலறை. ஆறு விளக்கு சேர்ந்தாலும் 70 வாட்டைத் தாண்டாது.

மாட்டிய பிறகு வரும் கோளாறுகள்

சுவிட்ச் அணைத்தும் பல்ப் மங்கலாக எரிகிறதா? சுவிட்சில் சின்ன சிவப்பு இண்டிகேட்டர் இருந்தால் அதன் வழியாகக் கசியும் மின்சாரம் போதும், எல்இடி மினுமினுக்கும். இண்டிகேட்டர் இல்லாத சுவிட்ச் மாற்றினால் தீரும். இண்டிகேட்டர் இல்லாமலே எரிந்தால், சுவிட்ச் ஃபேஸை அறுக்காமல் நியூட்ரலை அறுக்கிறது என்று சந்தேகிக்கலாம். அணைத்த ஹோல்டரிலும் மின்சாரம் இருக்கும், ஆபத்து. எலக்ட்ரீஷியனை அழைத்து டிபி பாக்ஸில் மெயினை அணைத்து மாற்றச் சொல்லுங்கள்.

பல்ப் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போகிறதா? கண்ணாடிக் குடுவைக்குள் முழுக்க மூடி மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். உள்ளே உள்ள கெப்பாசிட்டருக்கு 10 டிகிரி சூடு ஏறினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். மூடியைத் திறந்த வகைக்கு மாற்றுங்கள், அல்லது வாட்டைக் குறையுங்கள். ஒரே ஹோல்டரில் மட்டும் போனால் ஹோல்டர் பின் கருகியிருக்கும். பல வீட்டு விளக்குகள் ஒரே நாளில் போனால் நியூட்ரல் லூஸ் ஆகி வோல்டேஜ் ஏறியிருக்கலாம், அப்போது மற்ற சாதனங்களையும் உடனே அணைத்துவிட்டு மின்வாரியத்துக்குச் சொல்ல வேண்டும்.

விளக்கு விட்டு விட்டு அதிர்ந்தால், பழைய ஃபேன் ரெகுலேட்டரோ டிம்மரோ அதே பாயின்ட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். டிம் ஆகும் என்று பெட்டியில் போடாத எல்இடி அவற்றோடு ஒத்துப்போகாது.

வாரண்டி பெரும்பாலும் ஓரிரு வருடம். கடைக்காரர் பில் கேட்பார், எந்த பல்ப் எப்போது வாங்கியது என்பது யாருக்கும் நினைவிருக்காது. மாட்டும்போதே பல்பின் பிளாஸ்டிக் கழுத்தில் அழியாத மார்க்கரால் மாதமும் வருடமும் எழுதிவிட்டு, பில்லை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைப் பில்லின் மை ஆறு மாதத்தில் மறைந்துவிடும்.